அடுப்புக்குக் கம்பளி

அது கோழிக்கூண்டு இல்லை தம்பி. மாடி போர்ஷன் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி, உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதா, உடனே கோழி வளர்க்கிறீர்களா என்பார்கள். போன வாரம் வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கல்லறையா என்று கேட்டார். தூத்துக்குடியில் கல்லறைத் தோட்டத்துக்கா பஞ்சம்? வீட்டுக் கொல்லையில் யாராவது புதைப்பார்களா? அவருக்கு வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது அடுப்பு. விறகு எரித்து பிட்சா சுடுகிற அடுப்பு. கட்டியது என் மருமகள் ஜெனோவா. அதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நான் திருத்தினேன். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்தத் தெருவே பேசுகிறது. மற்றதெல்லாம் அவள் செய்ததாயிற்றே, அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நியாயத்தைப் பாருங்கள்.

உட்காருங்க. சாவி பிலோமியிடம் இருக்கிறது. பிலோமி என் மனைவி. சனிக்கிழமை மத்தியானமானால் கோயிலில் நவநாள் ஜெபத்துக்குக் கிளம்பிவிடுவாள். மாடியை வாடகைக்கு விட வேண்டும் என்று கேட்டில் போர்டு மாட்டியதும் அவள்தான். டென்சிலும் ஜெனோவாவும் இனி இங்கே குடிவர மாட்டார்கள் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். டென்சில் என் மகன். ஒரே மகன். அவர்கள் கொஞ்ச நாள் வெளியே இருந்து பார்ப்பார்கள், கஷ்டம் தெரியும், வந்துவிடுவார்கள் என்று நான் சொல்கிறேன். அவள் போர்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிறாள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கஸ்பார் மச்சாது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஃபாக்டரியில் ஃபோர்மனாக இருந்தவன். உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் தகரக் கேன், கேனுக்குள் ஐஸ். வெளியே ஊர் கொதிக்கும். உள்ளே பாளம் பாளமாக ஐஸ் நிற்கும். எப்படி நிற்கிறது? தொட்டியைச் சுற்றி, குளிர் அறைச் சுவரைச் சுற்றி, கனமான தெர்மோகோல் பலகை. வெளிச் சூட்டை உள்ளே விடாது. என் காலத்தில் ஒரு பாளம்கூடக் கரைந்து வீணானது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கரண்டு போயிருக்கும், அது வேறு.

ஆகவே, சூட்டைத் தடுப்பது எப்படி என்று இந்த ஊரில் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும்? ஜெனோவா கேட்டது செல்ஃபோனிடம்.

குறை சொல்லவில்லை. நல்ல பெண். பேக்கரிப் படிப்பு படித்தவள். சனி ஞாயிறு வீட்டிலேயே பிட்சா சுட்டு விற்கப்போகிறேன் மாமா, கொல்லையில் அடுப்பு கட்டிக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கட்டிக்கொள் என்றேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து வரப்போகிறது, அந்த ஆர்டர் மட்டும் கிடைத்துவிட்டால் பிறகு ஊரே தெரிந்துகொள்ளும் என்று கண் மின்னச் சொன்னாள். தலைமை ஆசிரியை சிஸ்டர், சுட்டுக் காட்டு, தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் அதற்காகவே விட்டாள். அந்த வேலை போனது அடுப்பால்தான், என்னால் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்க.

கொத்தனாரை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினாள். மேலே கான்கிரீட் தளம். அதன் மேல் நேரடியாக சூளைச் செங்கல் பரப்பிவிட வேண்டியதுதானே? இல்லையாம். செங்கல் சூட்டைக் கான்கிரீட் குடித்துவிடுமாம். மேலே சீஸ் கருகும், அடியில் மாவு பச்சையாக இருக்குமாம். அதனால் நடுவில் சூடு இறங்காத ஒரு படுக்கை வேண்டுமாம். இதுவரைக்கும் சரி. நான் தலையை ஆட்டினேன். அந்தப் படுக்கையை எதில் போட்டாள் தெரியுமா தம்பி?

காலி பாட்டில்.

ஒரு கல்யாண ரிசெப்ஷன் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போய் சாக்குச் சாக்காக வாரிக்கொண்டு வந்தாள். பிராந்தி, பீர், ரம், எல்லாச் சாதியும் சமமாக. கழுவி, மூடி, தலையும் காலும் மாற்றி மாற்றி அடுக்கி, இடைவெளியில் களிமண்ணும் உமியும் பிசைந்து அடைத்தாள். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடாது மாமா என்று பொறுமையாக விளக்கினாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. எனக்குக் காற்றைப் பற்றி!

காற்று இருக்கட்டும். மானம் என்று ஒன்று இருக்கிறதே. அடுப்பு முடிந்ததும் பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வேண்டும் என்று ஏற்கெனவே பேச்சு. நான் பங்குப் பேரவையில் இருந்தவன். மதுவிலக்குச் சங்கத்தில் தலைவராகவே இருந்திருக்கிறேன். நாளைக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கிற இடத்துக்கு நேர் கீழே பிராந்தி பாட்டில் படுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு இன்னாசி மதில் மேல் தலையை வைத்துக்கொண்டு, என்ன மச்சாதண்ணே, ஒரே ராத்திரியில காலி பண்ணிட்டியளா என்று கேட்டான். அவன் சும்மா கேட்டானாம். இன்னாசி எதையும் சும்மா கேட்கிறவன் இல்லை.

பிறகு அவளும் டென்சிலும் திருவிழாவுக்கு மணப்பாட்டுக்குப் போனார்கள். அது அவள் அம்மா ஊர். செங்கல் இன்னும் பரப்பவில்லை, படுக்கை காயட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதே சமயம் எங்கள் ஃபாக்டரியில் குளிர் அறையைப் புதுப்பிக்கிறார்கள், பழைய தெர்மோகோல் பலகையைத் தூக்கிப் போடுகிறார்கள். கடவுள் ஒரு கதவைக் காட்டுகிறார் என்றால் இப்படித்தான் காட்டுவார். ஆட்டோ பிடித்தேன்.

பிலோமி ஒரு வார்த்தை சொன்னாள். "அவட்ட ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுருங்க." நல்ல காரியத்தை யாராவது கேட்டுக்கொண்டு செய்வார்களா? பாட்டில்களை எடுத்தேன். பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன். பலகையை அளந்து வெட்டி, விளிம்பு பிசகாமல் பொருத்தி, மேலே அவள் பிசைந்த மாதிரியே களிமண் பூசி, பூசின இடம் தெரியாமல் தடவிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தாள். படுக்கை எவ்வளவு சமமாகக் காய்ந்திருக்கிறது பாருங்க மாமா என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெருமை பேசுவது எனக்குப் பழக்கம் இல்லை.

உங்கள் முகம் ஏன் அப்படிப் போகிறது? நீங்களும் இன்னாசி கட்சியா? யோசித்துப் பாருங்க. சூடு என்பது சூடுதான். வெளியிலிருந்து உள்ளே வந்தாலும் அதே சூடு, உள்ளேயிருந்து வெளியே போனாலும் அதே சூடு. வருகிற வழியை அடைக்கத் தெரிந்த பலகைக்குப் போகிற வழியை அடைக்கத் தெரியாதா?

அவள் அதன் மேல் செங்கல் பரப்பினாள். மணலைக் குவித்து, அதைச் சுற்றிச் செங்கல்லை வளைத்து அடுக்கி, காய்ந்த பிறகு மணலை வாரி வெளியே போட்டாள். உள்ளே குகை மாதிரி நின்றது. அழகாகத்தான் இருந்தது. அதோடு விட்டாளா? பாய்லருக்குச் சுற்றுவார்களே, வெள்ளைக் கம்பளி, அதை வாங்கி வந்து அடுப்புக்குச் சுற்றினாள். தூத்துக்குடி வெயிலில் அடுப்புக்குக் கம்பளி! மனுஷன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அடுப்புக்குக் குளிருகிறதாம். கம்பளிக்கு மேல் கோழிவலை, வலைக்கு மேல் களிமண்ணும் உமியும், அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. காதுக்கு மஃப்ளர் கட்டிவிடவில்லையே என்று கேட்டேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

பிறகு ஈரம் போக வேண்டும் என்று தினமும் கொஞ்சமாக விறகு வைத்துச் சின்னத் தீ போட்டாள். அவசரப்பட்டால் ஆவி அடைபட்டு வெடித்துவிடுமாம். அந்தச் சின்னத் தீயிலேயே லேசாக ஒரு வாசம் வந்தது. குனிந்து குனிந்து மோந்து பார்த்தாள். இன்னாசி குப்பை எரிக்கிறான் என்று சொன்னேன். அவன் அன்றைக்கு எரிக்கவில்லை. ஆனால் எரிக்கக்கூடிய ஆள்தான்.

மந்திரிப்பு நாள் வந்தது. சாமியார் வந்தார். சிஸ்டர் வந்தார். எங்கள் தெரு ஜெபக்கூட்டமான அன்பியத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள், இலவசமாகத் தின்னக் கிடைக்கும் என்றால் பக்தி அதிகம். ஜெனோவா காலையிலிருந்தே கருவேல விறகைப் போட்டுப் பெரிய தீயாக வளர்த்திருந்தாள். உள்ளே கூரையில் படிந்த கரி எரிந்து வெள்ளையாகிற வரைக்கும் எரிக்க வேண்டுமாம். ஒரு பிட்சாவுக்கு இவ்வளவு தீயா? இரண்டு சுள்ளியில் நம் ஊரில் தோசையே சுடுகிறோம்.

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஜெனோவா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் பிட்சாவை உள்ளே தள்ளினாள். நான் சிஸ்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் இருப்பது என் வேலை சிஸ்டர் என்று சொன்னேன். சரியான நேரம் பார்த்துத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

முதலில் வாசம். பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்தால் வருமே, அந்த வாசம். அப்புறம் செங்கல் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை, நூல் நூலாக மசி. அப்புறம் 'கடக்' என்று ஒரு சத்தம். அடுப்பின் தரை ஒரு பக்கமாக உள்ளே இறங்கியது. மேலே வெள்ளையடித்த முதுகில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விரிசல். பிட்சா சரிந்து மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. சாமியார் தீர்த்தச் செம்போடு கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றார். மந்திரிப்பு முடிந்துவிட்டது, அவருக்கு உள்ளே வேலை இல்லை, அதனால் இருக்கும். அன்பியத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல வேடிக்கை அவர்களுக்கு எப்போது கிடைக்கும்?

சிஸ்டர் எழுந்து ஜெனோவாவின் தோளைத் தொட்டு, பிறகு பார்க்கலாம்மா என்றார். புதுநன்மை விருந்துக்குப் பிள்ளைகள் முட்டை பஃப்ஸ் தின்றார்கள்.

மறுநாள் அடுப்பு ஆறியதும் ஜெனோவா கடப்பாரையால் தரைச் செங்கல்லைப் பெயர்த்தாள். கீழே படுக்கை இருந்த இடம் வெறும் பள்ளம். ஓரத்தில் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அதை விரலால் தொட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானே முந்திக்கொண்டு விளக்கினேன். பலகை என்ன கனம், எந்த அறையில் இருந்தது, எவ்வளவு பத்திரமாக வெட்டினேன், எல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

"பாட்டில் எங்க மாமா?"

"பழைய பேப்பர்காரர்ட்ட குடுத்தாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த பெண். டென்சில்தான் மரியாதை இல்லாமல், அடுப்பை ஐஸ் பெட்டின்னு நெனச்சிட்டியளாப்பா என்றான். இரண்டும் ஒன்று என்பதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவனுக்குப் புரிந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பேன், கேட்ட தோரணை சரியில்லை.

தப்பு எங்கே என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். தீ அதிகம். அளவில்லாமல் எரித்தால் எந்தப் பலகை தாங்கும்? எங்கள் ஃபாக்டரியில் அத்தனை வருஷம் இருந்த பலகை, ஒரு நாளாவது உருகியதா? பலகையும் ஒல்லி. அடுத்த தடவை இரட்டைக் கனத்தில் போட வேண்டும் என்று படம் வரைந்து ஜெனோவாவிடம் காட்டினேன். வேண்டாம் மாமா, நீங்க அலைய வேண்டாம் என்றாள். என் உடம்பைப் பற்றி அவளுக்கு எப்பவும் கவலை.

அதற்கு அடுத்த மாதம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். டென்சிலுக்கு ஆபீஸ் பக்கமாம். இங்கிருந்து ஆபீஸுக்கு நடந்தே போவான். அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கணக்கு வராது.

போகும்போது இந்த அடுப்பை இடித்துவிடச் சொன்னார்கள். இடித்தால் நாளைக்குத் திரும்பி வந்து எதில் சுடுவாள்? விரிசலைப் பூசிவிட்டால் முடிந்தது. அதனால்தான் தார்ப்பாய். மழை வந்தால் ஒரு கல் வைத்து ஓரத்தை அழுத்திவிடுவேன். பிலோமி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னெல்லாம் நிறையப் பேசுவாள். இப்போது நவநாளே கதி. சனிக்கிழமை போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். சேலையெல்லாம் புகை வாசம். சாம்பிராணி போடுவதில் நம் சாமியாருக்கு ஒரு கட்டுப்பாடே இல்லை. போன வாரம் முழங்கை வரைக்கும் மாவு. கோயிலில் அப்பம் சுடுகிற வேலையையும் இவள் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு தடவை அந்தப் பக்கமாகப் போனேன். மாத்திரை வாங்க. நம் தெருவிலேயே மருந்துக் கடை இருக்கிறது, ஆனால் அந்தக் கடையில் காற்றோட்டம் நன்றாக இருக்கும். போகிற வழியில் அவர்கள் வீடு. மதில் குட்டையாக இருந்தால் நான் என்ன செய்ய? கொல்லையில் புது அடுப்பு. தரை போட்டு முடித்திருந்தது, ஓரத்தில் பாட்டில் கழுத்து எட்டிப் பார்த்தது. ஜெனோவா ஒற்றை ஆளாகக் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் நழுவுகிறது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கையெல்லாம் வெள்ளைத் தூசி, அரிப்பில் கழுத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க மாமா, உள்ள வாங்க" என்று ஓடி வந்து கேட்டைத் திறந்தாள். நல்ல முகமாகத்தான் கூப்பிட்டாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். கம்பளியின் ஒரு நுனியைப் பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க உக்காருங்க மாமா. தொட வேண்டாம். பாத்துக்கிட்டு மட்டும் இருங்க, போதும்."

பார்த்துக்கொண்டு மட்டும். ஃபோர்மனைப் பார்த்து. தம்பி, நீங்களே சொல்லுங்க, நான் வேடிக்கை பார்க்க வந்தவனா? மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அவள் ஃபோன் செய்தாள், கடை ஆரம்பித்துவிட்டோம், சனிக்கிழமை வாங்க மாமா என்று. வேலை இருக்கிறது என்றேன். இருக்கிறது. இந்த மாதிரி வீடு பார்க்க வருகிறவர்களிடம் பேச வேண்டாமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மாடிக்குச் சில நிபந்தனை உண்டு. ஆணி அடிக்கக் கூடாது. கொல்லைப் பக்கம் துணி உலர்த்தக் கூடாது. அடுப்பைத் தொடக் கூடாது, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவும் கூடாது. கருவாடு பொரிக்கலாம், அது நாங்களும் பொரிப்போம். முன்னறையில் டென்சில் கட்டிலும் ஜெனோவாவின் மாவு பிசைகிற மேஜையும் இருக்கின்றன, அவை அங்கேயேதான் இருக்கும். அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்துகொள்ள வேண்டும். முக்கியமாக, நான் என்றைக்குக் காலி செய்யச் சொல்கிறேனோ அன்றைக்கே காலி செய்ய வேண்டும். மத்தியானம் சொன்னால் சாயங்காலத்துக்குள்.

என்ன, சரி என்கிறீர்களா?

எல்லாவற்றுக்குமா?

இதற்கு முன்னால் வந்தவர்கள் மேஜை என்றதுமே எழுந்துவிட்டார்கள். நீங்கள் என்ன தம்பி இப்படிப் பொறுமைசாலியாக இருக்கிறீர்கள்? ஆளும் நல்ல ஆளாகத் தெரிகிறீர்கள். பிலோமி வந்தால் பேசாமல் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். அப்புறம் நீங்கள் பெட்டியோடு வந்து இறங்குவீர்கள், பாயை விரிப்பீர்கள், வருஷக்கணக்கில் இருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் வந்து நின்றால் அவர்களை நான் எங்கே ஏறச் சொல்வேன்?

சொல்கிறதைக் கேளுங்க. இந்த மாடி உங்களுக்குச் சரிப்படாது. மேற்கு வெயில் நேராக இறங்கும். தண்ணீர் வரத்தும் சுமார். இதைவிட நல்ல வீடு ஒன்று காலியாக இருக்கிறது, எனக்குத் தெரிந்தவர் வீடு. கடல் காற்று வரும். நானே கூட வந்து பேசி முடித்துத் தருகிறேன். எழுந்திருங்க, அவள் வருவதற்குள் கிளம்பிவிடலாம்.

கொஞ்சம் தூரம்தான். ஜெனோவா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. வேறு வழி இருக்கிறது, சுற்று. நான் அந்த இடம் வந்ததும் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டே நடப்பேன், தலையைத் தூக்க மாட்டேன். சொன்னால் சொன்னதுதான். நீங்கள் மட்டும் திரும்பிப் பாருங்க. வாசலில் பிட்சா வாங்க ஆள் நிற்கிறார்களா என்று பார்த்து எனக்கு மெதுவாகச் சொல்லுங்க. எத்தனை பேர் என்று வேண்டாம். நிற்கிறார்களா, இல்லையா. அது போதும்.